ஆயருக்கு அரசர் எழுதிய பதில்

போர்த்துகீசு ஆயரின் கடிதத்தை அரசவையில் வாசித்தது நான்தான். கொங்கோ அரண்மனையில் போர்த்துகீசு எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். இருந்த பாதிரியாரும் போன மழைக்காலக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"மாட்சிமை பொருந்திய எம் அன்பு மகனே" என்று தேனொழுகத் தொடங்கியது கடிதம். உடல்நலம் விசாரித்திருந்தார், அரசியாருக்கு ஜெபமாலை அனுப்பியிருந்தார். விஷயம் நாலாவது பத்தியில் வந்தது. தங்கள் எழுத்தன் ஃபெலிசியானோ எங்கள் மடத்து அடிமைக்குப் பிறந்தவன்; ஆகையால் எங்கள் உடைமை. தயவுகூர்ந்து அவனைத் திருப்பி அனுப்பினால், தங்களுக்கு முடிசூட்டப் பாதிரியார் ஒருவரை உடனே அனுப்புகிறோம்.

அந்த ஃபெலிசியானோ நான்தான். அந்த வரியை முழுங்கியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் ஓர் எழுத்து விடாமல் எங்கள் மொழியில் சொன்னேன். திருடனாட்டம் ஒளிந்து வாழ எனக்கு மனமில்லை.

அரசர் தொமே பதவிக்கு வந்து இரண்டு வருடம். பாதிரியார் கையால் முடி சூடாததால் பக்கத்துப் பிரபுக்கள் அவரை மதிப்பதில்லை. என் முகத்தைப் பார்க்காமல் பனங்கள்ளுக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்த அமைச்சர் பிராஸ் இழுத்தார். "ஒரு ஆளுதானே ராசா. குடுத்துட்டுப் போவோம்."

அரசர் பெருமூச்சுவிட்டு, சம்மதம் என்று எழுதச் சொன்னார். பதினெட்டு வருடம் அவர் குடும்பத்துக்கு எழுதிய கை இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறகுப் பேனாவைக் கீழே வைத்தேன்.

"எழுத மாட்டேன் ராசா. என்னைக் கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க. என்னைக் குடுக்குற கடுதாசி என் கையால வராது."

கடிதமே வேண்டாம், ஆளை மட்டும் அனுப்பலாம் என்றார் பிராஸ். அரசர் முறைத்தார். கடிதமில்லாமல் ஆயருக்கு ஒன்றை அனுப்புவது, வாசலில் ஆட்டைக் கட்டிவிட்டு ஓடுகிற மாதிரி. எந்தக் கொங்கோ அரசரும் அந்த மரியாதைக்கேட்டைச் செய்ததில்லை.

"உன்னைய அனுப்பிட்டா அடுத்த கடுதாசிய யாருடா எழுதுறது?" என்று கேட்டார்.

"ஆயரே ஒரு ஆளை அனுப்புவாரு. அந்தாளு எழுதுறதுக்கெல்லாம் நீங்க என்னன்னு தெரியாமலே முத்திரை குத்திக்கிட்டு இருக்கலாம்."

பிராஸுக்கு மூச்சு நின்றுவிட்டது. அரசர் குவளையைத் தள்ளி வைத்தார்.

"எழுது," என்றார் கடைசியில். "மரியாதையா எழுது."

எழுதினேன். வணக்கத்துக்குரிய தந்தையே, தங்கள் மோதிரத்தை முத்தமிடுகிறோம். ஜெபமாலை கிடைத்து அரசியார் அகமகிழ்ந்தார். தாங்கள் கேட்ட மனிதரை அனுப்ப இயலாது. இக்கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பவர் அவரே.

வாசித்துக் காட்டினேன். தொமே கிரீடமில்லாத தலையை நிமிர்த்தி, முத்திரையைத் தன் கையாலேயே அழுத்தினார்.