சாம்பிராணிப் பரீட்சை

என் வகுப்பில் வரைபடத்துக்கு மார்க் கிடையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. காசநோய் ஆஸ்பத்திரிக்கு அறவே உதவாது. கட்டிடக்கலை படிக்கிற பிள்ளைகள், வரைந்த அறையை அதே அளவில் மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துக் கட்ட வேண்டும். இருமுகிறவர் உட்காரும் மூலையில் நான் சாம்பிராணி போடுவேன். அந்தப் புகைதான் கிருமி. அது அறைக்குள்ளேயே தங்கினால் ஃபெயில். பரீட்சை முடியும்வரை கட்டியவன் வாய் திறக்கக் கூடாது.

சல்மான் ஃபாரிஸ் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவன். இன்றும் தோற்றால் ஒரு வருஷம் போச்சு. பெண்கள் காத்திருக்கும் அறைக்கு எதிரும் புதிருமாக இரண்டு பெரிய சன்னல்கள் வைத்திருந்தான். நோயாளிகளாக உட்கார மேலப்பாளையத்தில் அவன் தெருப் பெண்களையே வரச்சொல்லியிருந்தேன். முதல் ஆளாக வந்தவர் அவன் உம்மா ஆபிதா பீவி. மகன் கட்டியதைப் பார்க்கிற பூரிப்பு முகத்தில் தெரிந்தது.

சாம்பிராணி போட்டேன். ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் புகை அழகாக வெளியேறியது. சல்மான் சிரித்தான்.

அப்போது, ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்க வந்த ஆண்களாக நடிக்கும் பையன்கள் இரண்டு சன்னலுக்கு வெளியேயும் வரிசையில் நின்றார்கள். ஆபிதா பீவி முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தார். இரண்டு சன்னலின் அட்டைக் கதவுகளையும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

புகை மேலே கூடி, பைய இறங்கியது. சல்மான் கையைப் பிசைந்தான்.

"டீச்சரம்மா, இங்கன மூச்சு முட்டுதே." ஆபிதா பீவி இருமினார். "எம் மவன் காத்து வர வழியே வைக்கலியா?"

சாத்திய சன்னலுக்குள்ளேயே வளர்ந்த பயல், படத்தில் மட்டும் திறந்து வைத்திருக்கிறான். எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சல்மான் கத்தியை எடுத்துக்கொண்டு மூங்கிலில் ஏறி, ஆள் உயரத்துக்கு மேலே தார்ப்பாயை நீளமாகக் கிழித்தான். புகை அசைந்தது. ஆனால் போகவில்லை.

"தோத்துட்டேனா மேடம்?"

"பேசாதலே! எதிர்ச் சுவத்தையும் கிழி."

கிழித்தான். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. புகையும் அதோடு போனது.

ஆபிதா பீவி அண்ணாந்து அந்தத் திறப்பைப் பார்த்தார். அங்கிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. முக்காட்டைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். அடைக்க எழுந்திருக்கவில்லை.

நான் பாஸ் போட்டேன்.