சீமாட்டியின் இரத்தம்

அப்பாவின் உடல் கூடத்தில் கிடக்க, மகள் கொட்டகைச் சேற்றில் முழங்காலிட்டுச் சீமாட்டியின் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தாள். சீமாட்டி லேசுப்பட்ட பன்றியல்ல. அப்பாவைத் தவிர வேறு கை பட்டால் கொட்டகையையே இரண்டாக்கிவிடும். அப்பாவோ விடிகாலையில், பல் துலக்கும்போதே, மாரடைப்பில் போய்விட்டார்.

இந்தக் கறுப்பு இனத்தில் உலகத்திலேயே மிச்சம் ஆறு. ஆறும் அப்பா வளர்த்தவை. ஹோட்டலில் சமைக்கிற மகளுக்கு இதன் கொழுப்பின் அருமை தெரியும். ஒரு கரண்டி விட்டால் வெறும் உருளைக்கிழங்கும் விருந்தாகிவிடும். அண்ணனுக்கோ இவை தண்டச்சோறு. மற்ற பன்றி ஆறு மாதத்தில் எடை போடும், இதற்கு இரண்டு வருஷம் வேண்டும். அடக்கம் முடிந்ததும் வந்து ஓட்டிப்போகச் சொல்லிக் கசாப்புக்காரருக்குப் போன் போட்டுவிட்டான்.

ஆராய்ச்சி டாக்டரம்மா வருவதாகச் சொன்ன நாளும் இன்றுதான். வேறு மந்தையோடு கலக்காத இந்த இனத்தின் இரத்தத்தில், மற்றப் பன்றிகளில் ஒளிந்திருக்கும் கிருமி இல்லையென்றால், இதன் இன்சுலின் சுரக்கும் செல்களைச் சர்க்கரை நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்கலாம். மந்தையை ஆராய்ச்சி நிலையமே காப்பாற்றும். மற்ற ஐந்தும் முன்பே சோதனையில் தேறிவிட்டன. ஆனால் தாய் சீமாட்டி தேறாவிட்டால் பிள்ளைகளையும் நம்ப முடியாதாம்.

ஊசியும் கையுமாக வந்தவரை அண்ணன் வாசலிலேயே மறித்தான்.

"அப்பா செத்துக் கிடக்காரு. இன்னைக்கா பன்னிக்கு ரத்தம் எடுக்கணும்?"

"இன்னைக்குத்தாண்ணே. நாளைக்கு அது கடையில தொங்கும்" என்று சொல்லிவிட்டு, சத்தம் கேட்டு எழுந்து வந்திருந்த மகள் மறுபடி கொட்டகைக்கு நடந்தாள்.

அப்பா செய்கிற மாதிரியே வயிற்றைச் சொறியச் சொறியச் சீமாட்டி பெருமூச்சு விட்டுச் சாய்ந்தது. டாக்டரம்மா காதோர நரம்பில் ஊசியை இறக்கினார். எடுத்து முடித்ததும் அது எழுந்து ஒரே முட்டில் மகளைச் சேற்றில் உட்கார்த்தியது. அவ்வளவுதான் சேதம்.

சோதிக்கும் கருவி வண்டியிலேயே இருந்தது. முக்கால் மணி நேரம் மகள் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கடைசியில் டாக்டரம்மா வண்டிக் கண்ணாடியை இறக்கினார்.

"சுத்தம். ஆறும் சுத்தம்."

சாவு வீடு என்பதையே மறந்து மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சந்தோஷம் நெஞ்சு கொள்ளவில்லை. அண்ணன் அவளைப் பார்த்தான், பன்றியைப் பார்த்தான், பிறகு போனை எடுத்துக் கசாப்புக்காரரை வர வேண்டாம் என்றான்.

கூடத்தில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், சேறும் சகதியுமாகப் போய் மகள் சேதியைச் சொன்னாள். அம்மா குனிந்து அப்பாவின் காதில், "ஆறும் தேறிடுச்சாம்" என்றாள்.

"அம்மா, அது அப்பாவுக்கு எப்பவுமே கேக்காத காது" என்றாள் மகள்.

அம்மா எழுந்தாள். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.