கருவிழிக்குள் ஒருத்தி

கண்ணின் கருவிழியை மட்டும் படம் எடுத்து, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். கண்ணுக்கும் லென்சுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. அவ்வளவு கிட்டே போனால் எப்பேர்ப்பட்ட ஆளின் குட்டும் வெளிப்பட்டுவிடும் என்பது என் நினைப்பு. அதனால்தான் தங்கச்சி கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனை ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னேன்.

அவன் லிப்ட் ரிப்பேர் செய்பவன். வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. கட்டிக்கொடுத்தால் அவளும் கூடவே போய்விடுவாள். அன்று சாயங்காலத்துக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். அப்பா அம்மா போன பிறகு அவளை ஆளாக்கியது நான்தான் என்பதால், நான் வேண்டாமென்றால் வேண்டாம் என்று தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டாள். எனக்கோ அவளை விட்டால் யாருமில்லை. வேண்டாமென்று சொல்ல ஒரு நொண்டிச் சாக்காவது கிடைக்காதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் எதற்கு?

பையன் பத்து நிமிஷம் தாமதமாக வந்தான். ஆஹா, ஒன்று கிடைத்தது என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் வந்த எரிச்சலில் ஒரு காரியத்தை மறந்துவிட்டேன். எதிரில் இருப்பதெல்லாம் கண்ணில் தெரியும் என்பதால், எனக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுத்தான் எப்போதும் எடுப்பேன். பதினோரு வருஷத்தில் அன்றுதான் துணி மாட்டவில்லை. ஆத்திரக்காரிக்கும் புத்தி மட்டுதான்.

நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் தாங்கியில் பதிக்கச் சொன்னேன். இவ்வளவு கிட்டத்தில் ஒரு படத்தில் மயிரிழை ஆழம்தான் துல்லியமாக விழும். அதனால் கேமராவை இம்மி இம்மியாக நகர்த்தி நாற்பது படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதுவரை ஆள் அசையக் கூடாது. இவனோ பன்னிரண்டாவது படத்திலேயே நடுங்கத் தொடங்கினான். இருபதில் கண்ணில் தண்ணீர் முட்டியது. கண்ணில் ஏதாவது கோளாறா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லக்கூட வாயைத் திறக்கவில்லை. ஒரு நாற்காலியில் நிலையாக உட்காரத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி நடத்துவான் என்று இரண்டாவது காரணத்தையும் மனதில் குறித்துக்கொண்டேன். தங்கச்சி எனக்குப் பின்னால் பூனை மாதிரி சத்தமில்லாமல் நின்றிருந்தாள்.

அவன் போனதும் தங்கச்சியும் வேலைக்குக் கிளம்பினாள். நான் படங்களைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினேன். பழுப்பு நிறத்தில் நல்ல கண். நடுவில், கறுப்பான பாவைக்குள், கேமராவோடு நான் கூனிக்கொண்டிருந்தேன். தோளுக்கு மேலே இன்னொருத்தி தெரிந்தாள், தங்கச்சி.

பன்னிரண்டாவது படத்தில் நாக்கைத் துருத்தியிருந்தாள். பதினைந்தில் தலைக்கு மேல் இரண்டு கொம்பு. இருபதில் இடுப்பில் கையை ஊன்றி, ஒரு கண்ணைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கியிருந்தாள். யாரை மாதிரி நிற்கிறாள் என்று உற்றுப் பார்த்தால், என்னை மாதிரி.

பாவம், அவன் சிரிப்பை அடக்கித்தான் கண்ணீர் விட்டிருக்கிறான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அந்தச் சின்னஞ்சிறு முகத்தை மறுபடி பார்த்தேன். இந்தக் குறும்புக்காரி என் வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு நாளாவது என் முன்னால் இப்படி நின்றிருப்பாளா? வளர்க்கிறேன் வளர்க்கிறேன் என்று அவளை மிரட்டியே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்று, "என்னக்கா, வேண்டாம்னு சொல்லிடவா?" என்று கேட்டாள்.

திரையை அவள் பக்கம் திருப்பினேன். முகம் வெளிறிப்போய்விட்டது.

"அந்த இருபதாவதை எனக்கும் செஞ்சு காட்டு" என்றேன்.

அவள் மெதுவாக இடுப்பில் கையை ஊன்றி, கண்ணைச் சுருக்கி, என் குரலிலேயே, "தாடையை ஆட்டாதீங்க தம்பி" என்றாள்.

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவள்தான் தலையில் தட்டினாள். மூச்சு திரும்பியதும் போனை எடுத்து, வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு வரச்சொல்லி அவனிடம் நானே சொன்னேன்.