காலிப் பம்பின் எடை

வலது தோள்பட்டையில் ஆணி இறக்கியதுபோல் வலித்தது. திருமழிசை குடோனில் சிமெண்ட் மூட்டைகளை இறக்கிவிட்டு டில்லிபாபு சுவரோடு சாய்ந்தான். கூட லோடு அடிக்கும் அப்பாவு எண்ணெய் தேய்த்து அமுக்கிவிட்டான்.

"தோளா மாமே இது? போண்டாவாட்டம் உப்பிகினு கீது."

"வாய மூடிகினு அமுக்குடா."

அமுக்கினால் வலி விடும். டில்லிபாபுவுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். மகள் நிவேதிதா விஷயத்திலும் அந்தப் புத்திதான் வேலை செய்தது.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு வீசிங். டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர் பம்பைக் காலையும் மாலையும் வாயில் வைத்து அடிக்க வேண்டும். கூடவே காட்டுப்பாக்கத்தில் பிசியோதெரபி பார்க்கிற கனிமொழியிடமும் கூட்டிப்போனார்கள். அவள் பிள்ளையின் விலாவையும் முதுகையும் கையால் நீவி இளக்கிவிடுவாள். முதல் நாளே சொல்லியிருந்தாள்: "இது மருந்தோட சேர்த்துத்தான் அண்ணா. மருந்துக்குப் பதிலா கிடையாது."

அவள் கை பட்ட அன்றைக்கெல்லாம் பிள்ளை நன்றாகத் தூங்கினாள். டில்லிபாபு கணக்குப் போட்டான். இரண்டுக்கும் காசு அழுவது தண்டம். கை செய்கிற வேலை கண்ணுக்குத் தெரிகிறது. பம்பில் வருவது வெறும் காற்று.

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சி, புதுப் பம்பு வாங்கியா," என்றாள் மனைவி விஜி.

பழையதைக் கையில் வாங்கிக் குலுக்கினான். மூட்டையைத் தூக்கியதும் எடை குறைகிறதென்று சொல்கிற கை அது. காலி என்று அந்தக் கைக்கு உடனே தெரிந்தது.

"இன்னும் கீதுடி. புஸ்ஸுனு சத்தம் வருது பாரு."

சத்தம் வந்தது. மருந்து தீர்ந்த பிறகும் அதில் சத்தம் வரும். விஜி அந்தச் சத்தத்தை நம்பி இரண்டு வேளையும் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பிள்ளைக்கு மூச்சு முட்டியது. உதடு நீலம் பாரித்தது. பாரிவாக்கத்திலிருந்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கட்டிய பில்லில் ஒரு வருஷத்துக்குப் பம்பும் வாங்கியிருக்கலாம், கனிமொழிக்கும் கொடுத்திருக்கலாம்.

அங்கிருந்து விஜி நேராகக் காட்டுப்பாக்கத்துக்கு வண்டியை விடச் சொன்னாள். கனிமொழியின் வாசல் பெஞ்சில் பிள்ளைகளோடு நான்கைந்து தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாம்மா நீ, வைத்தியம் பாக்கறியா, மாவு பெசையறியா? ஒன் கை பட்டுத்தான் எம்புள்ள மூச்சு உட முடியாம கெடந்துச்சு!"

கனிமொழி பதறி எழுந்து வந்தாள். "பம்ப் ஒழுங்கா அடிச்சீங்களாக்கா?"

"ரெண்டு வேளையும் அடிச்சேன். அவரையே கேளு. யோவ், சொல்லுய்யா!"

எல்லாரும் டில்லிபாபுவைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றான்.

பெஞ்சிலிருந்த ஒருத்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் பெஞ்சு காலியானது.

கனிமொழி பம்பைக் கேட்டாள். விஜியின் பையிலிருந்து டில்லிபாபுதான் எடுத்துக் கொடுத்தான். அவளும் ஒருமுறை குலுக்கினாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"புதுசு வாங்கிடுங்கண்ணா, இன்னிக்கே," என்றாள். நிவேதிதாவை உட்காரவைத்து முதுகில் கை வைத்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். விஜி அழுதுகொண்டே மூக்கைச் சிந்தினாள். "துட்டு வாணாமா?" என்று கேட்டதற்கு, "இன்னிக்கு வேணாம்க்கா," என்றாள் கனிமொழி.

அன்றைக்கே புதுப் பம்பு வாங்கினான். கையில் கனமாக இருந்தது. இப்போது இரண்டும் நடக்கிறது. பிள்ளை தெருவில் ஓடுகிறாள். "அந்தப் பொண்ண அப்டிப் பேசியிருக்கக் கூடாது," என்று விஜி அவ்வப்போது சொல்கிறாள். அவன் தோளைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான்.

எழுந்து போன தாய்மார்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. பம்பு காலியென்று எனக்கு அப்போதே தெரியும், தப்பு என்னுடையது என்று அவர்களிடமும் விஜியிடமும் அவன் சொல்லியாக வேண்டும். கனிமொழிக்கு அவன் பட்ட கடன் அது. இன்றுவரை தீர்க்கவில்லை.