பதினான்கு மஞ்சள் கொடிகள்

பூச்சி மருந்தடிக்கிறவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்து வந்தவர் குளிக்கும்வரை யாரும் அவரைத் தொடக்கூடாது. அவருடைய பையில் கை வைத்தால், சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும். கரப்பானைக் கொல்கிற மருந்து பிள்ளையை மட்டும் விட்டுவைக்குமா? நல்லதற்குத்தான் சட்டம் போட்டார். எட்டு வயது மகள் சுண்டு அதை ஒரு படி மேலே கொண்டுபோனாள். அவர் குளித்துவிட்டு வந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மா பக்கம் ஓடிவிடுவாள். ஒரு வருஷமாக இதே கதை. மனுஷன் வெளியில் சிரித்து மழுப்புவார், உள்ளுக்குள் நொந்துபோவார்.

அவளை அவரிடம் திருப்பிக் கொண்டுவந்தது ஒரு புழு. டீச்சர் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளித் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு, "தேடுங்க, கிடைச்சதை வந்து சொல்லுங்க" என்றாராம். அவ்வளவுதான். சுண்டு குளியலறை வாசலிலேயே காத்துக்கிடக்க ஆரம்பித்தாள்.

"அப்பா, பறவை எச்சம் மாதிரி ஒண்ணு எலுமிச்சை இலைல இருந்துச்சு. தொட்டா நெளியுது!"

"அது புழும்மா. குருவி தின்னுடக் கூடாதுன்னு வேஷம் போடுது. பெருசானா பச்சையாயிடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாமல் என்ன? இருபது வருஷமாக அவர் கொன்று குவித்த சாதிசனம்தானே. மரவட்டை, பொன்வண்டு, கும்பிடுபூச்சி என்று தினம் ஒன்றைப் பற்றி அவள் கேட்டாள், அவர் சொன்னார். வீட்டில் அவருக்குத் திடீரென்று மவுசு கூடிவிட்டது.

அலமாரியில் இருந்த மஞ்சள் கொடிக் கட்டைப் பார்த்து, "இது எதுக்குப்பா?" என்று ஒருநாள் கேட்டாள். சூப்பர்வைசர் முதல்நாள் போய், மருந்து விழவேண்டிய இடத்தில் எல்லாம் கொடி குத்திவிட்டு வருவார். மறுநாள் இவர் போய் அடிப்பார். அதுதான் தொழில். மடியில் வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"கொடி இருந்தா யாரும் கிட்ட வரமாட்டாங்கம்மா. மிதிக்க மாட்டாங்க."

முழுப் பொய்யும் இல்லை. அதனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை பெற்றோர் தோட்டத்தைப் பார்க்க வரலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். "அம்மா வேண்டாம், அப்பாதான் வரணும்" என்றாள் சுண்டு. "ஒரு கூட்டுப்புழு இருக்கு. எங்கேன்னு இப்பச் சொல்ல மாட்டேன். நீங்க வந்ததும் காட்டுறேன்." அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே நல்ல சட்டையை எடுத்து, தானே தேய்த்து மாட்டிவைத்தார்.

சனிக்கிழமை காலை அவரை அந்தப் பள்ளிக்கே போகச் சொன்னார்கள். இரண்டு நாள் முன்னால் யாரோ ஒரு பிள்ளையின் ஷூவுக்குள் பூரான் இருந்ததாம். அதன் அப்பா வந்து குதித்த குதியில் தலைமையாசிரியர் ஆடிப்போய் ஆபீசுக்கு போன் போட்டுவிட்டார். "வேற ஆளை அனுப்புங்க சார்" என்று இவர் கெஞ்சிப் பார்த்தார். ஆள் இல்லை என்றார்கள்.

திக்திக்கென்றுதான் கேட்டைத் திறந்தார். தோட்டத்தில் மஞ்சள் கொடிகள் நின்றன. எண்ணினார், பதினான்கு. அப்பாடா என்றிருந்தது. இத்தனை பெரிய தோட்டத்தில் பதினான்கே இடம்! கொடியைத் தாண்டி ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொண்டால் போதும், மகளின் கூட்டுப்புழு எங்கே இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

அன்றைக்கு அடித்த மாதிரி அவர் என்றைக்குமே அடித்ததில்லை. குனிந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, குழாய் முனையைச் செடியோடு ஒட்டிவைத்து அடித்தார். ஒவ்வொரு இடமும் முடிந்ததும் கொடியைப் பிடுங்கிப் பையில் செருகினார். பதினான்காவது கொடியைப் பிடுங்கும்போது போன் வந்தது.

"நேத்து அந்த ஸ்கூலுக்குப் போக முடியலப்பா" என்றார் சூப்பர்வைசர். "நீயே பாத்துக் கொடி குத்திட்டு ஆரம்பி."

கையில் இருந்த கொடியைத் திருப்பினார். பின்பக்கம் பென்சிலில் உருண்டை எழுத்து: 'தூங்குது. சத்தம் போடாதீங்க.'

ஹோஸ் பைப்பை இழுத்துவந்து செடி செடியாகக் கழுவினார். பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும், அது என்ன மருந்து என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? பச்சைப் புழுக்கள் சுருண்டு மண்ணில் கிடந்தன. எலுமிச்சைக் குச்சியில் நூல் கட்டித் தொங்கிய கூட்டுப்புழு இரண்டு தடவை ஆடியது. மூன்றாவது தடவைக்காக அவர் வெகுநேரம் காத்திருந்தார். அழுதார்.

சுண்டு வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "எங்க போனீங்கப்பா? இன்னிக்கு லேட்டு!" அவர் பையைக் கீழே போட்டுவிட்டு நேராகக் குளிக்கப் போனார். எப்படிச் சொல்வதென்று உள்ளே நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை.

வெளியே வந்தபோது பை திறந்திருந்தது. பதினான்கு கொடிகளையும் தரையில் வரிசையாக அடுக்கிவைத்து, எழுத்துப் பக்கம் மேலே தெரிய, அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் உங்க கட்டுல இருந்து எடுத்தேன்" என்றாள். "யாரும் மிதிக்கக் கூடாதுன்னு."

"தெரியும்மா."

"எல்லாம் ஈரமா இருக்கு. உங்க நாத்தம் அடிக்குது."

அவர் ஒரு கொடியை எடுக்கக் குனிந்தார்.

"அப்பா, நீங்க கொடி இருக்கிற இடத்துல எல்லாம்..."

"ஆமாம்மா."

அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே சோப்பு போட்டு, ஒன்றுக்கு இரண்டு தடவை கை கழுவினாள்.