முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய்

பழைய காசு வியாபாரிகளுக்கு வாங்கும்போது ஒரு கண், விற்கும்போது வேறு கண். நீங்கள் கொண்டுபோய்க் காட்டினால், "ரொம்பத் தேஞ்சுபோச்சு சார்" என்று உதட்டைப் பிதுக்குகிறவன், அதே காசை அடுத்த வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, "கை படாத சரக்கு" என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்வான். மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த ரத்தினவேல் இந்த ஆட்களோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர். அதனாலேயே தன் கண்ணைத் தவிர வேறு எவன் கண்ணையும் அவர் நம்பியதில்லை. அவர் பட்டதெல்லாம் அந்த நம்பிக்கையால்தான். அவர் மனைவி காவேரி அதைவிட அதிகம் பட்டாள்.

அவரிடம் இருந்த முந்நூறு சில்லறைக் காசுகளில் ஒன்றுதான் காசு என்று சொல்லத் தக்கது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய், 1939ஆம் வருஷத்தது. அதற்கு முந்தைய வருஷத்து ரூபாய் தேடினால் கிடைத்துவிடும். முப்பத்தொன்பது லேசில் கிடைக்காது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பழைய பாத்திரம் வாங்கி விற்கிற ஒருவனிடம் ரத்தினவேல் அதைப் பார்த்தார். ஆசையை மறைத்துக்கொண்டு பேரம் பேசி, சைக்கிளை விற்று வாங்கினார். அப்புறம் இரண்டு வருஷம் வேலைக்கு நடந்தே போனார்.

"நான் ரிடையராயிட்டா நமக்குச் சோறு போடப்போறது இதுதாம் புள்ள" என்று காவேரியிடம் சொல்வார். ஒருமுறை அல்ல, வாரத்துக்கு ஒருமுறை சொல்வார். ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். புருஷன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற வெள்ளை மனசு. ஆனால் சொல்லவேண்டிய ஒன்றை அந்த மனிதர் சொல்லவே இல்லை. ஐம்பது வருஷத்தில் வெள்ளியின் மேல் படிகிற கருப்புதான் அந்தக் காசுக்கு உயிர், அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் பாதிக்கு மேல் விலை போய்விடும் என்பதைத்தான் சொல்கிறேன். பெண்டாட்டியிடம் எதற்கு என்று நினைத்திருப்பார். நம்மில் பல பேர் நினைப்பதுதான்.

தொண்ணூறாம் வருஷம் தசராவின்போது அது நடந்தது. ஆயுத பூஜை என்றால் அந்த வீட்டில் சாமானியம் கிடையாது. ஃபிட்டர் வீடல்லவா! ஸ்பேனர், சுத்தியல், ரம்பத்திலிருந்து அரிவாள்மனை, கத்தரிக்கோல் வரை எல்லாம் முதல் நாளே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆகவேண்டும். "நமக்குச் சோறு போடற சாமான் ஒண்ணுகூடச் சாமி முன்னால கருத்துக் கிடக்கக் கூடாது" என்பது ரத்தினவேலே போட்ட சட்டம். காவேரி அந்தச் சட்டத்தை மீறவில்லை. பீரோவிலிருந்து அந்த ரூபாயை எடுத்தாள், புளியும் சாம்பலும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தாள், சந்தனமும் குங்குமமும் இட்டாள், ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் நடுவில் தாம்பாளத்தில் வைத்தாள்.

பூஜைக்கு எதிர்வீட்டு நஞ்சம்மா வந்திருந்தாள். ஒர்க்‌ஷாப் கூட்டாளி மல்லப்பனும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். கற்பூரத் தட்டோடு குனிந்த ரத்தினவேல், புதுக் கிண்ணம்போல மின்னிக்கொண்டிருந்த ரூபாயைப் பார்த்தார்.

"என்ன காரியம் பண்ணிப்போட்டே!" என்று கத்தினார்.

"சாமான் எல்லாத்தையும் தேய்க்கச் சொன்னீங்களே" என்று, நைவேத்தியச் சுண்டல் தட்டோடு நின்ற காவேரி ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அத்தனை பேர் முன்னிலையில் பளாரென்று கன்னத்தில் விழுந்தது. அதற்கு முன்னால் அவர் அவளை அடித்ததே இல்லை. அதற்குப் பின்னாலும் அடித்ததில்லை. மல்லப்பன் செருப்பைத் தேடினார். நஞ்சம்மா கொண்டுவந்த பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அடித்த கை அன்று சாயங்காலமே கூசியது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எவனாக இருந்தாலும் அடித்திருப்பான், எப்பேர்ப்பட்ட காசு என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். கோபம் ஆறியது. நியாயத்தை மட்டும் அவர் கைவிடவில்லை.

அந்த நியாயத்துக்கு வெளியிலிருந்தும் சாட்சி கிடைத்தது. பெங்களூரில் நாணயக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் ரூபாயைக் கொண்டுபோவார். ஒருவன் கையில் வாங்கியதும், "பாலிஷ் போட்டுட்டீங்களே" என்று திருப்பிக் கொடுப்பான். இன்னொருவன் அரை விலை சொல்வான். மூன்றாமவன் கால் விலை சொல்லி, அதற்கும் டீ ஒன்று வாங்கித் தரச் சொல்வான். ஒரே காசுக்கு ஒரு மண்டபத்துக்குள்ளேயே மூணு தரம்! இதற்கென்று ஓர் அளவுகோல் கிடையாதா என்று ரத்தினவேல் எரிச்சலோடு ரயிலேறுவார். வீட்டுக்கு வந்ததும் லென்ஸை எடுத்துவைத்துக்கொண்டு கீறல்களை எண்ணுவார். வருஷ எண்ணில் கடைசி ஒன்பதின் கழுத்தோரம் ஒரு கொத்தாகக் கீறல் இருந்தது. பார் எப்படித் தேய்த்திருக்கிறாள் என்று பல்லைக் கடிப்பார்.

காவேரி சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. ஒன்றுதான் செய்தாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கு முன்னாலும் ஒவ்வொரு சாமானாக எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏனுங்க, இதத் தேய்க்கலாமுங்களா?" என்று கேட்டாள். கரண்டிக்குக்கூடக் கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே பயந்துதான் கேட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

தொண்ணூற்றொன்பதில், அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த காவேரியின் அண்ணன் மகன் கணேஷ்குமார் லீவில் வந்தான். பேச்சோடு பேச்சாக, "மாமா, அங்க காசுக்குத் தரம் போடறதுக்குன்னே கம்பெனி இருக்கு. எழுபதுக்கு இத்தனைன்னு மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டில சீல் வெச்சுத் தருவாங்க. அப்புறம் எவனும் வாயத் திறக்க முடியாது" என்றான். ரத்தினவேல் சிரித்து ஒதுக்கிவிட்டார். தேய்த்த காசுக்கு எவன் மார்க் போடுவான்?

காவேரி ஒதுக்கவில்லை. ஒன்பது வருஷமாக அந்தப் பீரோப் பக்கமே போகாதவள், அன்று அவரிடம் வந்து நின்றாள்.

"அவங்கிட்டக் குடுத்தனுப்புங்க."

"எதுக்கு புள்ள? கெட்டுப்போன காசு."

"எவ்வளவு கெடுத்தேன்னு தெரிஞ்சுக்கோணுமுங்க. இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. படிச்சவங்க பாத்து ஒரு முடிவாச் சொல்லட்டும். கொஞ்சந்தான் கெட்டுதுன்னு சொன்னா எம்மனசு ஆறும்."

ரத்தினவேல் பீரோவைத் திறந்து ரூபாயை எடுத்தார். கொடுத்தனுப்பினார்.

நாலு மாதம் கழித்து, கணேஷ்குமாரின் நண்பன் ஒருவன் உறையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். சீல் வைத்த பெட்டி இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் ரூபாய், கூடவே ஒரு சீட்டு. மார்க் போட மறுத்த காசை அந்தக் கம்பெனி இப்படித்தான் திருப்பி அனுப்புமாம். சீட்டில் காரணம் இருந்தது. தேய்த்தது என்றுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டார்.

தேய்த்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆண்டு திருத்தப்பட்டது என்று இருந்தது. 1938ஆம் வருஷத்து ரூபாயில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியிருக்கிறார்கள்.

லென்ஸை எடுத்தார். ஒன்பதின் கழுத்தோரம் அந்தக் கீறல் கொத்து. தேங்காய் நார் அப்படி ஒரே இடத்தில் ஆழமாகக் கீறாது. ஊசி உளியால் சுரண்டிய கீறல் அது. இரும்பை அரத்தால் ராவிப் பிழைக்கிற ஃபிட்டருக்கு இது தெரியவேண்டாமா? தெரிந்திருக்கும், பார்த்திருந்தால். அவர் பார்த்ததெல்லாம் பெண்டாட்டியின் குற்றத்தை. பெங்களூர் வியாபாரிகளும் பளபளப்பைப் பார்த்ததோடு கீழே வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் எவனும் உற்றுப் பார்க்கவில்லை.

காவேரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. புளியால் கெட்டது என்று சொல்லிவிட்டால் போதும், பூமி தலைகீழாகிவிடாது. அவர் பொய்யைக் கண்டுபிடிக்க ஒருவர் கிடையாது. நாக்கு நுனிவரை அது வந்தது என்பதை மறைப்பானேன். அவள் கண்ணைப் பார்த்தார், முடியவில்லை.

"நீ ஒண்ணும் கெடுக்கல காவேரி. இது மொதல்லயிருந்தே போலி. எட்ட ஒன்பதா மாத்திருக்கான். நாந்தான் பாக்காம வாங்கிப்போட்டேன்."

அவள் உறையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் தேய்ச்சதுல ஒண்ணுமே போகலீங்களா?"

"ஒண்ணுமே போகல."

அவள் அழுவாள், இல்லை சிரிப்பாள் என்று அவர் காத்திருந்தார். இரண்டும் இல்லை. "அன்னிக்கு இங்க இருந்தாங்கள்ல, அவங்ககிட்ட இதப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்க" என்றாள்.

மல்லப்பன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அவர் மனைவி மகனோடு ஹூப்ளிக்குப் போய்விட்டாள். நஞ்சம்மாதான் மிச்சம். ரத்தினவேல் சட்டையை மாட்டிக்கொண்டு, சீட்டையும் ரூபாயையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். பத்தடித் தெரு.

நஞ்சம்மா வாசலில் முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எட்டு, ஒன்பது, அமெரிக்கா, சீட்டு என்று ஒன்று விடாமல் சொல்லி, காவேரி மேல் தப்பே இல்லை என்று முடித்தார். ரூபாயையும் நீட்டினார். அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

"யாவ காசு? எந்தக் காசுன்னு எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்றாள் தன் கன்னடத் தமிழில். "நீ அவள அடிச்சியல்லா, அது மாத்ரம் ஞாபகம் இதே. பாவ, தட்டுல சுண்டல் வெச்சிட்டு நிந்திருந்தா."

அவர் திரும்பி வந்தபோது காவேரி நிலைப்படியில் நின்றாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்னங்க சொன்னாங்க?"

வழியெல்லாம் வேறு என்னென்னவோ பதில் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். வாயில் வந்தது உண்மைதான். "காசு ஞாபகம் இல்லியாம். நான் உன்னை அடிச்சதுதான் ஞாபகம் இருக்காம்."

"எனக்கும் அதுதானுங்க" என்றாள் காவேரி.

ரத்தினவேலுக்கு அழுகை பொங்கி வந்தது. அவள் அதைப் பார்க்க நிற்கவில்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.