இரண்டு வெள்ளைக் கோடுகள்

நான் கொஞ்சம் கர்வக்காரிதான். இல்லாவிட்டால், தெருவின் இரண்டு பக்கமும் நீளமாக வெள்ளைக் கோடு போட்டிருந்ததைப் பார்த்து அப்படிப் பூரித்துப் போயிருக்க மாட்டேன். கலெக்டர் வந்தால்தான் எங்கள் குப்பத்தில் கோடு போடுவார்கள். அன்று வந்தது நான், மீன்பிடிக்கிற சிங்காரத்தின் மகள் எழிலரசி. சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. கடலூரில் டவுன் பஸ் ஏறி, இடிபட்டு, சளி பிடித்த மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து இறங்கியிருந்தேன்.

பையில் நான் செய்த காகிதப் பட்டைகள் இருந்தன. பிச்சாவரத்துச் சுரபுன்னை இலையைக் கொதிக்கவைத்து, அந்தக் கஷாயத்தை வெள்ளி உப்புக் கரைசலில் ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாக வெள்ளி பிரிந்து வரும். கரைசல் மஞ்சளாகிவிடும். நாங்கள் கண்ட கண்ட ரசாயனத்தை வைத்து மல்லுக்கட்டுகிற வேலையை இலை அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடுகிறது. அந்த மஞ்சளைக் காகிதத்தில் ஏற்றியதுதான் என் பட்டை. நல்ல தண்ணீரில் நனைத்தால் நிறம் அப்படியே இருக்கும். பாதரசம் கலந்திருந்தால் வெளுத்துவிடும். அவ்வளவுதான், இதற்கு மெஷினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் ஒரே ஒரு கிணறு. சுனாமியில் உப்பேறிப்போய், வருஷக்கணக்கில் இறைத்து இறைத்து மீட்ட கிணறு. சுற்றிலும் ஆலைகள் பெருகியதிலிருந்து அம்மாவுக்கு அந்தத் தண்ணீர் மேல் சந்தேகம். "ஊரு ஒலகத்துத் தண்ணியெல்லாம் பாக்குறியே, நம்ம கெணத்த எப்ப பாக்கப்போற?" என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அதற்காகத்தான் வந்தேன்.

கிணற்றடியில் நல்ல கூட்டம். பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி பார்க்கும் ராஜாமணி மாமா, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். வாளியில் இறைத்துக் கொடுத்தார். பட்டையை நனைத்தேன்.

வெளுத்துவிட்டது.

இன்னொன்றை நனைத்தேன். அதுவும் வெளுத்தது. அம்மாதான் முதலில் கேட்டாள். "என்னாடி, மஞ்சளே இல்லியே?"

"கெணத்த மூடிருவாங்களா பாப்பா?" என்றார் அப்பா.

மூடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபேச்சுப் பேசாமல் மூடிவிடுவார்கள். சொல்வது அவர்கள் பெண்ணாயிற்றே. பிறகு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கவேண்டியதுதான். சொல்லாமல் விட்டால் ஊரே விஷத்தைக் குடிக்கும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கச் சுவரைப் பிடித்தேன். உள்ளங்கையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. தெருவில் போட்ட கோட்டைத் திரும்பிப் பார்த்தேன். அதே வெள்ளை.

"மாமா, கோடு எதுல போட்டீங்க?"

"பிளீச்சிங் பவுடர்தான். பெரிய ஆளுங்க வந்தா அதானே போடுவோம்."

"கெணத்துல?"

"அதுலயும்தான். காலையில கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டுட்டேன். நீ பாக்கும்போது தண்ணி பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

பிளீச்சிங் பவுடர் வெள்ளித் துகளைத் தின்றுவிடும். நிறம் போய்விடும். ஊருக்கே வாசனை தெரிந்திருக்கிறது, மூக்கடைத்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. யாராவது பெரிய ஆள் வந்தால் அவர் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வெளுத்து வைக்கிற ஊர் இது என்பது எனக்குத் தெரியாதா என்ன!

வீட்டிலிருந்து முந்தின நாள் இறைத்த குடத்துத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னேன். நனைத்தேன். மஞ்சள் அசையவில்லை. சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் ஒரு சிட்டிகை பவுடர் போட்டு நனைத்தேன். வெளுத்தது. கூட்டத்தில் மூச்சு வந்தது. எனக்கோ கோபம் வந்தது.

"ஒங்கள யாரு மாமா போடச் சொன்னது? ஒரு நிமிஷத்துல ஊரையே கொன்னுட்டீங்களே!"

மாமா தலையைச் சொறிந்தார். "கலெக்டருக்குப் போட்டோம், மந்திரிக்குப் போட்டோம். நம்ம புள்ள டாக்டராவப் போவுது, அதுக்குப் போடக் கூடாதா?"

கண் நிறைந்துவிட்டது. சளி என்று சொல்லி முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

குடத்துத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப்போய்ச் சிதம்பரத்தில் மெஷினிலும் பார்த்தேன். பாதரசம் இல்லை. அதோடு, பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் இந்தப் பட்டையை நம்பாதே என்று என் ஆய்வேட்டில் ஒரு பக்கம் சேர்ந்தது. என் கைடுக்கு அந்தப் பக்கம்தான் ரொம்பப் பிடித்தது.

அடுத்த மாதம் மறுபடியும் ஊருக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பகீரென்றது. தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. கிணற்றடியில் ராஜாமணி மாமா, அதே இஸ்திரிச் சட்டையில்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், குனிந்து கோட்டைப் பார்த்தேன். எறும்புகள் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன. அத்தனையும் அரிசி மாவு.

பட்டையை நனைத்தேன். மஞ்சள் அப்படியே இருந்தது. அம்மா அதே வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, முதலில் என்னிடம்தான் நீட்டினாள். நான் குடித்து முடிக்கும்வரை ஊர் காத்திருந்தது.